310 மில்லிகிராம்: இது யாருடைய கணக்கு?

போன மாதம் சித்தி மகள் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாள். பெண்களில் பாதிப் பேருக்கு மேல் மெக்னீசியம் குறைபாடு இருக்கிறதாம். தூக்கம் வராதது, கெண்டைக்கால் இழுப்பது, எரிச்சல், அசதி எல்லாமே அதன் அறிகுறியாம். ஒரு நாளைக்கு 310 மி.கி. கட்டாயம் வேண்டுமாம். கீழே ஒரு மாத்திரை டப்பாவின் படம். "அக்கா, எனக்கு இது நாலுமே இருக்கு. வாங்கிட்டேன், மூணு மாசமா சாப்பிடறேன். இன்னும் எவ்ளோ நாள் சாப்பிடணும்?" என்று கேட்டிருந்தாள். வயசு 23.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்த 310 எங்கிருந்து வந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஊட்டச்சத்து அட்டவணையில் அச்சாகியிருக்கும் எண்ணை நாம் யாரும் கேள்வி கேட்பதில்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது மாதிரி அதையும் எடுத்துக்கொள்கிறோம். கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். மெக்னீசியம் தேவையா இல்லையா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இளம் பெண்களிடம் என்ன சொல்லப்படுகிறது என்பதில்தான் என் சண்டை.

முதலில் சரக்கு என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு வளர்ந்த மனித உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில், மிச்சத்தில் பெரும்பகுதி தசையிலும் மற்ற திசுக்களிலும். 300க்கும் மேற்பட்ட நொதிகளுக்கு அது துணை. செல்லின் சக்தி நாணயமான ஏடிபி வேலை செய்வதற்கே மெக்னீசியம் கூட இருக்க வேண்டும். இவ்வளவு இடத்தில் வேலை இருப்பதால்தான் விளம்பரக்காரருக்கும் வசதி. எந்த அறிகுறியைச் சொன்னாலும் அதற்கு ஒரு மெக்னீசியக் கதை தயாராக இருக்கும். அசதி யாருக்குத்தான் இல்லை?

சரி, 310க்கு வருவோம். இது 1997இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அளவு, 19 முதல் 30 வயதுப் பெண்களுக்கு. அதற்கு மேல் வயதானவர்களுக்கு 320. பதினான்கிலிருந்து பதினெட்டு வரை உள்ள பெண்களுக்கு 360. இந்த எண்கள் ஆய்வகத்தில் நேரடியாக அளந்து கிடைத்தவை அல்ல, இரண்டு படியாகச் செய்த கணக்கு. முதல் படி, சராசரித் தேவை: ஒரு கூட்டத்தில் பாதிப் பேருக்குப் போதுமான அளவு. 19-30 வயதுப் பெண்களுக்கு அதை 255 மி.கி. என்று வைத்தார்கள். இரண்டாவது படி, ஆளுக்கு ஆள் தேவை எவ்வளவு மாறும் என்ற அனுமானம். பத்து சதவீதம் மாறும் என்று வைத்துக்கொண்டு, அதன் இரு மடங்கை, அதாவது இருபது சதவீதத்தைச் சராசரியோடு கூட்டினார்கள். 255ஐ 1.2ஆல் பெருக்கினால் 306. முழுமையாக்கினால் 310. வேண்டுமானால் மற்றதையும் போட்டுப் பாருங்கள்: 265 என்றால் 318, அது 320 ஆகிறது. 300 என்றால் 360.

ஆக, 310 என்பது கிட்டத்தட்ட எல்லாருக்கும் (97-98 சதவீதம் பேருக்கு) போதுமானதாக இருக்கும்படி, வேண்டுமென்றே மேலே தூக்கி வைத்த கோடு. ஒருத்தி 270 மி.கி. சாப்பிட்டால் அவளுக்குக் குறைபாடு என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அவளுக்கு அது போதும் என்றுதான் அர்த்தம். "தினமும் 310 கட்டாயம்" என்று எழுதுகிறவர்கள் முதல் தப்பை இங்கேயே செய்துவிடுகிறார்கள்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சிக்கலாகப் பட்டது அடியில் இருக்கும் அந்த 255தான்.

இந்த மாதிரிச் சராசரித் தேவையைக் கண்டுபிடிக்க முக்கியமான வழி 'சமநிலை ஆய்வு'. ஆட்களுக்கு அளந்த சாப்பாடு கொடுப்பார்கள். அவர்களுடைய சிறுநீர், மலம் முழுவதையும் சேகரித்து அதில் எவ்வளவு மெக்னீசியம் போகிறது என்று அளப்பார்கள். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமாக இருந்தால், அந்த அளவு சாப்பாடு போதும். வெளியே போவது அதிகமானால் உடம்பு கையிருப்பை இழக்கிறது. கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் ஓட்டைகள் உண்டு. வியர்வையில் போவது பெரும்பாலும் கணக்கில் வராது. சாப்பிட்டதை ஒரு பருக்கை கூட்டி எழுதினாலும், கழிவில் கொஞ்சம் தவறவிட்டாலும், இரண்டு தப்பும் ஒரே பக்கம் சாய்ந்து பொய்யான 'லாபம்' காட்டும்.

இன்னொரு ஓட்டை இன்னும் ஆழமானது. சிறுநீரகம் கெட்டிக்காரத்தனமான குடும்பத் தலைவி மாதிரி. வரவு குறைந்தால் செலவை இறுக்கிவிடும். மாதம் முப்பதாயிரம் வரும் வீட்டிலும் கணக்கு சரியாக இருக்கும், பதினைந்தாயிரம் வரும் வீட்டிலும் சரியாக இருக்கும். கணக்கு சமமாக இருப்பதை வைத்து அந்த வீட்டில் எல்லாரும் வயிறாரச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்ல முடியுமா? சமநிலை ஆய்வால் சொல்ல முடிந்தது கணக்கை மட்டும்தான். சுகத்தை அதால் அளக்க முடியாது.

இந்த ஓட்டைகளோடு சேர்த்து இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில் பெல்ட்ஸ்வில் என்ற ஊரில் ஓர் ஆய்வு நடந்தது, முடிவுகள் 1984இல் வெளிவந்தன. ஆட்கள் அவரவர் வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டார்கள். மொத்தமே ஐம்பது பேருக்கும் குறைவு. அதில் பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 234 மி.கி. மெக்னீசியம் சாப்பிட்டார்கள். அவர்களுடைய சராசரிச் சமநிலை நஷ்டத்தில் இருந்தது. 1997 குழுவின் மேசையில் இருந்த முக்கியமான ஆய்வுகளில் இது ஒன்று. 234இல் நஷ்டம் என்றால் தேவை அதற்கு மேலேதான் இருக்க வேண்டும், அதனால் 255 என்பது நியாயமாகத்தான் தோன்றும்.

ஒன்பது வருஷம் கழித்து, 2006இல், ஹன்ட், ஜான்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறொரு கணக்கு வெளியிட்டார்கள். வடக்கு டகோட்டாவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஆய்வு மையத்தில் 1976 முதல் 2000 வரை நடந்த 27 சமநிலை ஆய்வுகளின் தரவை ஒன்றாகச் சேர்த்தார்கள். இங்கே ஆட்கள் ஆய்வு மையத்தின் கட்டுப்பாட்டில், அங்கே கொடுத்ததை மட்டும் சாப்பிட்டவர்கள். முடிவு: ஒரு நாளைக்கு 165 மி.கி. போதும், கணக்கு சமமாகிவிடுகிறது. உடல் எடைக்கு என்று பார்த்தால் கிலோவுக்கு 2.36 மி.கி.

ஒரு இடத்தில் 234 சாப்பிட்டும் நஷ்டம். இன்னொரு இடத்தில் 165இலேயே சமம். இரண்டும் ஒரே நாடு, ஒரே முறை.

கிராண்ட் ஃபோர்க்ஸ் ஆய்வைப் பார்த்ததும் "அப்போ 310 எல்லாம் சும்மா" என்று எழுதிவிடத்தான் எனக்கும் கை வந்தது. ஆனால் அந்தக் கட்டுரையின் சுருக்கத்திலேயே ஆட்களின் விவரம் இருக்கிறது. மொத்தம் 243 பேர். ஆண்கள் 93, சராசரி வயது 28. பெண்கள் 150, சராசரி வயது 51. இன்னொரு தடவை படியுங்கள். இளைஞர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களில் கணிசமானவர்கள் மாதவிடாய் நிற்கும் வயதையொட்டியோ, அதைத் தாண்டியோ இருப்பவர்கள். எந்தக் கூட்டத்தைப் பற்றி இத்தனை விளம்பரம் ஓடுகிறதோ, அந்தக் கூட்டம், அதாவது இருபது வயதுப் பெண், இந்தத் தரவில் ஓரமாகத்தான் நிற்கிறாள்.

இதனால் வித்தியாசம் வருமா? வர வாய்ப்பிருக்கிறது. மில்ட்ரெட் சீலிக் என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் 1964இலேயே அதுவரை வெளியான சமநிலை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். அவர் சொன்ன தேவை கிலோவுக்குக் குறைந்தது 6 மி.கி. கூடவே அவர் கவனித்த ஒரு விஷயம் சுவாரசியமானது. குறைவாகச் சாப்பிடும்போது இளம் பெண்கள் இளம் ஆண்களைவிட மெக்னீசியத்தை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் இதில் பங்கு வகிக்கலாம் என்று பின்னாட்களில் அவர் வாதாடினார். மெக்னீசியத்துக்காக வாழ்நாள் முழுக்கக் குரல் கொடுத்தவர் அவர், தேவையை உயர்த்தச் சொன்னவர். அவரே பதிவு செய்த இந்தத் தகவலை, இளம் பெண்களுக்குத்தான் குறைபாடு அதிகம் என்று சொல்லும் இன்றைய விளம்பரம் எதிலும் நான் பார்க்கவில்லை.

இளம் பெண்களை வைத்தே அளந்த இடம் உண்டா என்று தேடினால், ஜப்பான் வருகிறது. அங்கே அரசு வெளியிடும் உணவு அளவுகளில் மெக்னீசியத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது 18 முதல் 28 வயது ஜப்பானியர்களிடம் செய்த சமநிலை ஆய்வுகள். அதில் கிடைத்தது கிலோவுக்கு 4.5 மி.கி. 2020 பட்டியலில் 18-29 வயதுப் பெண்ணுக்குச் சராசரித் தேவை 230, பரிந்துரை 270.

இப்போது 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை நிறுத்திக் கணக்குப் போடுவோம். கிராண்ட் ஃபோர்க்ஸ் கணக்கில் அவளுக்கு வேண்டியது 118 மி.கி. ஜப்பான் கணக்கில் 225. சீலிக் கணக்கில் 300. ஒரே பெண், ஒரே வகை ஆய்வு, இரண்டரை மடங்கு வித்தியாசம். அரசாங்கப் பட்டியல்களும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து 2004இல் வெளியிட்டது பெண்ணுக்கு 220. பிரிட்டன் 270. நம் நாட்டில் ஐசிஎம்ஆர் 2010 பட்டியலில் 310. அதை 2020இல் இன்னும் மேலே ஏற்றினார்கள். பெண்களின் சிறுநீரகம் எல்லைக்கு எல்லை மாறுவதில்லை. மாறுவது குழுவில் உட்கார்ந்தவர்கள் எந்த ஆய்வை நம்பினார்கள் என்பதுதான்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த குழு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் குழு. 2015இல் அவர்கள் எல்லாவற்றையும் பரிசீலித்துவிட்டு, மெக்னீசியத்துக்குச் சராசரித் தேவை என்று ஒன்றை நிர்ணயிக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஆரோக்கியமான ஐரோப்பியர்கள் வழக்கமாக எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து, பெண்களுக்கு 300 என்று ஒரு 'போதுமான அளவை' மட்டும் வைத்தார்கள். எண் ஏறக்குறைய அமெரிக்க எண்தான். ஆனால் அதன் அர்த்தம் முழுக்க வேற. இதற்குக் கீழே போனால் நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. இவ்வளவு சாப்பிடுகிறவர்கள் நன்றாக இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஸ்க்ரீன்ஷாட்டின் "பாதிப் பேருக்குக் குறைபாடு" என்ற வரிக்குத் திரும்புவோம். அது வானத்திலிருந்து விழவில்லை. அமெரிக்க உணவு ஆய்வுகளில் ஏறத்தாழ பாதிப் பேர் சாப்பாட்டிலிருந்து பெறும் மெக்னீசியம் சராசரித் தேவைக் கோட்டுக்குக் கீழே இருப்பது உண்மை. ஆனால் அந்த ஆய்வு சொன்னது 'உட்கொள்ளும் அளவு குறைவு'. விளம்பரத்துக்கு வந்து சேரும்போது அது 'குறைபாடு' ஆகிவிடுகிறது. முதலாவது சாப்பாட்டைப் பற்றிய புள்ளிவிவரம், இரண்டாவது உடம்பைப் பற்றிய மருத்துவத் தீர்ப்பு. கோடு 165இல் இருந்திருந்தால் அந்தப் பாதி எவ்வளவாகச் சுருங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மக்கள் சாப்பிட்டது அதேதான், கோடு மட்டும்தான் நகர்ந்திருக்கும்.

"ரத்தப் பரிசோதனை பண்ணிட்டா தெரிஞ்சிடுமே?" என்று கேட்கலாம். பாதிதான் தெரியும். உடம்பின் மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தச் சீரத்தில் இருக்கிறது. அந்த அளவு இறங்காமல் உடம்பு எலும்பிலிருந்து எடுத்தாவது காப்பாற்றும். பரிசோதனையில் குறைவு என்று வந்தால் கவனிக்க வேண்டிய விஷயம். சரியாக இருக்கிறது என்று வந்தால் கையிருப்பும் சரி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விற்கிறவர்களுக்கு இதுவும் வசதி. "டெஸ்ட்ல நார்மல்னு வந்தாலும் குறைபாடு இருக்கும்" என்பார்கள். எந்தப் பரிசோதனையாலும் மறுக்க முடியாத நோய்க்கு மருந்து விற்பது சுலபம்.

எதிர்ப்பக்கத்தையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு "மெக்னீசியம் எல்லாம் டுபாக்கூர்" என்று யாராவது கிளம்பினால் அதுவும் தப்பு. உண்மையான குறைபாடு உண்டு. நீண்டகால வயிற்றுப்போக்கு, குடிப்பழக்கம், சில சிறுநீர் பிரிக்கும் மருந்துகள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் இவற்றால் வரும். அசிடிட்டிக்கு வருஷக்கணக்கில் சாப்பிடும் 'பிரசோல்' வகை மாத்திரைகளாலும் வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. நம் வீடுகளில் காலையில் பல் தேய்த்ததும் அந்த மாத்திரையைப் போடுகிறவர்கள் எத்தனை பேர்! ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதிலும் மாதவிடாய் வலியிலும் மெக்னீசியம் உதவலாம் என்று காட்டும் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. கெண்டைக்கால் இழுப்புக்கு மாறாக, வயதானவர்களிடம் செய்த சோதனைகளில் பெரிய பலன் தெரியவில்லை.

சாப்பாட்டில் மெக்னீசியம் அதிகம் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவாக வருகிறது என்ற ஆய்வுகளும் உண்டு. ஆனால் மெக்னீசியம் எதில் இருக்கிறது என்று பாருங்கள்: முழுதானியம், பயறு, கொட்டை, கீரை. நார்ச்சத்தும் அங்கேதான். எது நன்மை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். பிரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மாத்திரை விற்பவருக்குத்தான், சாப்பிடுகிறவருக்கு இல்லை.

நம் தட்டுக்கு வந்தால் கணக்கு ரொம்ப எளிது. அரிசியின் மெக்னீசியம் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பட்டை தீட்டும்போது அதுவும் மில்லோடு போய்விடும். தீட்டாத அரிசியில் 100 கிராமுக்கு 90 மி.கி.க்கு மேல் இருக்கும், தீட்டிய வெள்ளை அரிசியில் 20 வாக்கில். கேழ்வரகில் 145 அளவுக்கு, கம்பில் 125 அளவுக்கு. ஒரு நாளில் 200 கிராம் வெள்ளை அரிசியே சாப்பிட்டாலும் (40 மி.கி.), கூடவே 60 கிராம் கேழ்வரகு மாவில் கூழோ அடையோ (87), ஒரு கை முழுப் பாசிப்பயறு சுண்டல் (70 சொச்சம்), ஒரு கைப்பிடி வேர்க்கடலை (50), ஒரு கப் கீரை (குறைந்தது 50) என்று சேர்த்தால் 300 வந்துவிடும். பெரும்பாலான நாடுகளின் கணக்கில் பார்த்தால் 50 கிலோ பெண்ணுக்குக் கிட்டத்தட்ட போதும். இதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. ஆனால் காலையில் அவசரத்துக்கு பிரெட், மதியம் கேன்டீன் வெள்ளைச் சோறு, ராத்திரி பரோட்டா என்று ஓடும் ஹாஸ்டல் வாழ்க்கையில் இது எதுவும் தட்டுக்கு வராது. அது நிஜமான பிரச்சினை, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அந்தத் தட்டில் இல்லாதது மெக்னீசியம் மட்டுமா?

இங்கேதான் என் கோபம். சித்தி மகளிடம் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "கடைசியா ஹீமோகுளோபின் எப்போ பார்த்தே?" காலேஜில் பார்த்தது என்றாள். போன வாரம் பார்த்தாள், 9.2. அசதிக்கும் எரிச்சலுக்கும் அதுவே போதுமான காரணமாக இருக்கலாம். இப்போது டாக்டரிடம் போய் இரும்புச் சத்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறாள். அது ஒன்றே காரணமா என்பது இனிமேல்தான் தெரியும். ஆனால் நடுவில் மூணு மாசம் போய்விட்டது.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53. இது சாப்பாட்டைக் கேட்டு ஊகித்த எண் அல்ல, விரலில் குத்தி ரத்தத்தை அளந்த எண். அளக்கச் சுலபம், மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அதனால்தானோ என்னவோ அதற்கு அழகான டப்பாவில் விளம்பரம் வருவதில்லை.

மெக்னீசியம் மாத்திரையை ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. டப்பாவின் முன்னால் இருப்பது பெரும்பாலும் உப்பின் எடை. உள்ளே மெக்னீசியம் எவ்வளவு என்று பின்னால் பார்க்கவும். ஆக்சைடில் எடையில் 60 சதவீதம் மெக்னீசியம், ஆனால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. அமெரிக்கக் குழு மாத்திரைக்கு வைத்த உச்ச வரம்பு ஒரு நாளைக்கு 350 மி.கி., ஐரோப்பாவில் 250. தாண்டினால் முதலில் வயிறு போகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது, நாலு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

சித்தி மகள் டப்பாவைத் தூக்கிப்போடவில்லை, "காசு குடுத்து வாங்கினதுக்கா" என்றாள். முடிந்ததும் மறுபடி வாங்கப் போவதில்லை என்கிறாள். அந்தக் காசுக்கு எத்தனை கிலோ வேர்க்கடலை வரும் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.